டயருக்கு மருந்து

மார்கழி. புளியரை சோதனைச் சாவடி.
மலைக்கு அந்தப் பக்கம் வாத்துகளுக்குக் காய்ச்சல் என்று
முதுகில் பதினாறு லிட்டர் டப்பாவைக் கட்டி
என்னை நிறுத்தியிருக்கிறார்கள். தற்காலிகம், தினக்கூலி.
எஸ் வளைவு இறங்கி வரும் ஒவ்வொரு வண்டிக்கும்
நாலு டயர், ஆறு டயர், பத்து டயர்,
மாலை போட்ட சாமிகளின் வேனுக்கும் சேர்த்து
மருந்தடிக்கிறேன்.
பிறகு நோட்டில் வண்டி எண், முழுசாக.
ஒரு எழுத்து விட்டாலும்
ஆய்வாளர் கோயில்பிச்சை சிவப்பு மையில் சுழிப்பார்.

இந்தக் கையால்தான்
போன ஐப்பசியில் ஒரு கீபோர்டு இறக்கினேன்.
யாரோ அனுப்பிய சுட்டி. இலவசம்.
ழகரத்தின் வாலில் மயில்தோகை வைத்திருந்தான்.
ஸ்டேட்டஸில் நாலு பேர் அழகாயிருக்கிறதே என்றார்கள்.

சலாலாவிலிருந்து மச்சான் இசக்கிராஜ் அனுப்புவது
ரூபாயில்லை, டெதர்.
தென்காசியில் ஒருவர் வாங்கிக்கொண்டு ரொக்கம் தருவார்.
அவர் முகவரி முப்பத்து நான்கு எழுத்து.
நகலெடுத்தேன், ஒட்டினேன்.
முதலில் டி, ஒன்பது, எக்ஸ். சரி.
கடைசியில் கே, இரண்டு, எம். சரி.
நடுவில் இருந்த இருபத்தெட்டையும் பார்க்கவில்லை.
வழியில், என் பாக்கெட்டுக்குள்ளேயே,
மயில் அதை மாற்றி வைத்திருந்தது.

அறுபத்தோராயிரம் ரூபாய்.
மச்சான் வீட்டுத் தளத்துக்குக் கம்பி வாங்க.

இதில் ஒரு கொடுமை உண்டு:
போன பணம் கண்ணுக்குத் தெரியும்.
யாரும் பார்க்கலாம், எப்போதும் பார்க்கலாம்,
அந்தத் திருட்டு முகவரியில் அது அப்படியே கிடந்தது,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை தூங்குவதுபோல.
பத்து நாள் பார்த்தேன்.
பதினோராம் நாள் துண்டு துண்டாகி
ஏழு பக்கம் போயிருந்தது.
இங்கே தப்பிய லாரியை
செங்கோட்டையில் மடக்கலாம், இலத்தூரில் மடக்கலாம்.
அதற்கு வழியில் செங்கோட்டை கிடையாது.

மச்சான் திட்டவில்லை. ஒரு வாரம் போனை எடுக்கவில்லை.

இப்போது வேறு போன். அதில் மயில் இல்லை,
வாட்சப் இல்லை, கிரிக்கெட் இல்லை.
முதலில் ஒரு டாலர் அனுப்பி, வந்ததா என்று கேட்டு,
பிறகுதான் மீதி.
எழுத்தெழுத்தாய் நான் சத்தமாக வாசிக்க
என் பெண்டாட்டி பேச்சிக்கனி தாளில் டிக் அடிப்பாள்.
பெரிய எஸ்ஸா சின்ன எஸ்ஸா என்று
அவள் கேட்கும் கேள்வியில்
கோயில்பிச்சையே தோற்பார்.

கணக்கைத் திறக்கும் பன்னிரண்டு சொற்களை
முன்பு போட்டோ எடுத்து வைத்திருந்தேன்.
கோயில் கொடைப் படத்துக்கும்
தங்கச்சி மகள் காதுகுத்துக்கும் நடுவில்.
அழித்துவிட்டு, கையால் எழுதினேன்.
ஒன்றுக்கொன்று உறவில்லாத இங்கிலீஷ் சொற்கள்,
ஒரு பூசணிக்காய் உண்டு, ஒரு விதவை உண்டு என்று
சொல்ல வாயெடுத்தேன் பாருங்கள்,
அதுவும் பொய்.
தாள் எங்கே என்று இந்தக் கவிதைக்கும் தெரியாது.

நேற்று மதியம் ஒரு அழைப்பு.
பாதி மலையாளம், பாதி தேன்:
கம்பெனியிலிருந்து பேசுகிறோம் சேட்டா,
உங்கள் நஷ்டத்தை மீட்டுத் தருகிறோம்,
அந்தப் பன்னிரண்டு வாக்கு மட்டும்.
உள்ளுக்குள் ஒன்று எழுந்து உட்கார்ந்தது.
கம்பி, சிமெண்ட், மச்சானின் குரல்.
அறுத்தேன். அறுத்த பிறகுதான் கை நடுங்கியது.

இரவு இரண்டேகால்.
அம்பலப்புழையிலிருந்து வாத்து லாரி.
திருப்பச் சொன்னேன்.
எல்லாம் நல்ல வாத்துங்க அண்ணே, பாருங்க என்று
தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினான் டிரைவர்.
டார்ச் வெளிச்சத்தில் நூறு கழுத்துகள் நீண்டன.
நல்லதாகத்தான் தெரிந்தன.
எதற்குக் காய்ச்சல் என்று
வாத்துக்கே தெரியாது.

திரும்பிப் போகிற வண்டிக்கும்
டயர் பத்துக்கும் அடித்தேன்.
எண்ணை எழுதினேன்.
மறுபடி பின்பக்கம் போய்
பலகையைத் தொட்டு வாசித்துவிட்டு வந்தேன்.